கீரையில் எவ்வளவு வைட்டமின் சி? பென்சில் முனையால் அளக்க ஒரு முழு வழிகாட்டி

சிவப்புத் தண்டுக்கீரையை அளக்கப் போய்த்தான் நான் மின்வேதி முறைக்கு வந்து சேர்ந்தேன். கல்லூரி ஆய்வகங்களில் வைட்டமின் சி அளக்க வழக்கமாகச் செய்வது சாயத் தைட்ரேஷன். கீரைச் சாற்றில் ஒரு நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். சாற்றில் இருக்கும் வைட்டமின் சி அந்த நிறத்தைப் போக்கிக்கொண்டே வரும். வைட்டமின் தீர்ந்ததும் அமிலக் கரைசலில் இளஞ்சிவப்பு நிறம் தங்கிவிடும். பாலக்குக்கும் வெந்தயக்கீரைக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். சிவப்புக் கீரையின் சாறோ முதல் சொட்டுக்கு முன்பே இளஞ்சிவப்பாக இருக்கிறது. எங்கே நிறுத்துவது?

எலெக்ட்ரோடுக்கு நிறம் தெரியாது. எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் மின்னோட்டமாகச் சொல்லும். அதற்கும் ஒரு சிக்கல் உண்டு, அதற்கு ஒரு வெள்ளரிக்காய்த் தீர்வும் உண்டு. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

பெங்களூரில் ஏதாவது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இடம் கிடைக்கும் மாணவர்கள், ஆசிரியர்கள், ஆர்வத்தால் செய்து பார்ப்பவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிளஸ் டூ வேதியியல் நினைவிருந்தால் போதும்.

ஏன் வைட்டமின் சி மட்டும்?

கீரையில் ஃபோலேட் இருக்கிறது, ரைபோஃபிளேவின் இருக்கிறது, பீட்டா கரோட்டின், வைட்டமின் கே எல்லாம் இருக்கின்றன. இவற்றையும் மின்வேதி முறையில் தொட முடியும். ஆனால் ஃபோலேட் 100 கிராமுக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும், அதுவும் பல வடிவங்களில். கரோட்டினும் வைட்டமின் கேயும் தண்ணீரில் கரையாதவை. வைட்டமின் சி மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது, தண்ணீரில் கரைகிறது, எலெக்ட்ரானை எளிதில் விடுகிறது. ஆரம்பிக்க இதுதான் இடம்.

வைட்டமின் சி என்பது அஸ்கார்பிக் அமிலம், மூலக்கூறு எடை 176.12. எலெக்ட்ரோடில் சரியான மின்னழுத்தம் கொடுத்தால் ஒவ்வொரு மூலக்கூறும் 2 எலெக்ட்ரான்களையும் 2 புரோட்டான்களையும் விட்டு டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமாக மாறும். மாறிய கையோடு அது தண்ணீருடன் சேர்ந்துவிடுவதால், மின்னழுத்தத்தைத் திருப்பினாலும் பழைய நிலைக்கு வராது. அதனால் மின்னழுத்தத்துக்கு எதிராக மின்னோட்டத்தை வரையும் வரைபடத்தில் போகும்போது ஒரு முகடு தெரியும், திரும்பும்போது தெரியாது. முதன்முறை பார்ப்பவர்கள் கருவி கெட்டுவிட்டதென்று பயப்படுவார்கள். கருவி நன்றாகத்தான் இருக்கிறது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். (1918-ல் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கிய நிறுவனம் அது.) அவர்களுடைய பழைய அட்டவணையில் 100 கிராம் முருங்கை இலைக்கு 220 மில்லிகிராம், அகத்திக்கு 169, பாலக்குக்கு 28. 2017-ல் வந்த புதிய அட்டவணையில் முருங்கையின் எண் ஏறக்குறைய பாதிதான். இரண்டு எண்களுமே கவனமாக அளந்தவை. கீரை என்பது ஒரே பொருளல்ல. மண், பருவம், பறித்த நேரம், அளந்த முறை எல்லாம் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் எண் அட்டவணையோடு பொருந்தவில்லை என்றால் உடனே உங்களைச் சந்தேகப்படாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

என்னென்ன வேண்டும்

எலெக்ட்ரோடுக்கு வேண்டிய மின்னழுத்தத்தைக் கொடுத்து, ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவிதான் பெரிய செலவு. கல்லூரியில் இருந்தால் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் திறந்த வடிவமைப்புகள் இருக்கின்றன: 2011-ல் வெளிவந்த சீப்ஸ்டாட் ஒன்று, ஏடி5940 சிப் உள்ள பலகைகள் இன்னொரு வழி. பலகைக்குச் சுற்றியுள்ள ஒயர், கிளிப், சில்லறைப் பாகங்கள் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் ஒரு மதியத்தில் வாங்கிவிடலாம். மைக்ரோ ஆம்பியர் அளவிலான மின்னோட்டத்தைத் தெளிவாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை.

எலெக்ட்ரோடுகள் மூன்று. வைட்டமின் எலெக்ட்ரானை விடும் இடமான இயங்கு எலெக்ட்ரோடுக்கு நான் பரிந்துரைப்பது 0.5 மில்லிமீட்டர் மைக்ரோ பென்சில் முனை, எச்பி. கண்ணாடிக் கார்பன் எலெக்ட்ரோடு அழகானதுதான், ஆனால் கீரைச் சாறு பட்டால் படலம் படியும், ஒவ்வொரு முறையும் அலுமினாத் தூளில் மெருகேற்ற வேண்டும். பென்சில் முனை என்றால் அடுத்த சாற்றுக்குப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். முனையின் கடைசி 1 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, அதற்கு மேல் நெயில் பாலிஷ் பூசிக் காய விடுங்கள். திறந்திருக்கும் பரப்பு ஏறக்குறைய 0.16 சதுர சென்டிமீட்டர்.

மின்னழுத்தத்தை எதை வைத்து அளக்கிறோமோ அந்த ஒப்பு எலெக்ட்ரோடுக்கு வெள்ளிக் கம்பி. நகைக்கடையில் கேட்கும்போது சுத்த வெள்ளி என்று அழுத்திச் சொல்லுங்கள். கொலுசு வெள்ளியில் செம்பு கலந்திருக்கும். செம்பு வைட்டமின் சியை அழிக்கும் வேலையைத் துரிதப்படுத்தும். கம்பியை மணல்தாளால் தேய்த்து, வீட்டு பிளீச்சில் அரை மணி நேரம் போட்டால் சாம்பலும் பழுப்புமாக ஒரு பூச்சு ஏறும். அதுதான் சில்வர் குளோரைடு. பிளீச் பக்கத்தில் எந்த அமிலத்தையும் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும். கம்பியை நன்றாகக் கழுவிய பிறகே அளவுக் கரைசலில் வையுங்கள். மின்சுற்றை முடித்துவைக்கும் எதிர் எலெக்ட்ரோடுக்கு இன்னொரு தடித்த பென்சில் முனையே போதும்.

கரைசல்கள் மூன்று. முதலாவது, 3 சதவீத மெட்டாஃபாஸ்பாரிக் அமிலம், அதில் 1 மில்லிமோலார் ஈடிடிஏ. அமிலம் கீரையின் நொதிகளை நிறுத்தி, புரதத்தையும் கீழே இறக்கும். ஈடிடிஏ செம்பையும் இரும்பையும் கட்டிப் போடும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இரண்டாவது, 0.5 மோலார் அசிட்டேட் பஃபர், பிஎச் 4.6, அதில் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு. புத்தகங்களில் 0.1 மோலார் பஃபர் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் சாற்றோடு வரும் அமிலம் அவ்வளவு நீர்த்த பஃபரின் பிஎச்-சை நகர்த்திவிடும், முகடும் கூடவே நகரும். அதனால்தான் 0.5. மூன்றாவது, தர அளவுக் கரைசல்: 100 மில்லிகிராம் தூய அஸ்கார்பிக் அமிலம், முதல் கரைசலில் கரைத்து 100 மில்லி. இதை அன்றன்று காலையில் புதிதாகச் செய்யுங்கள். வைட்டமின் மாத்திரையைத் தர அளவாக வைக்காதீர்கள். அதில் சர்க்கரையும் நிறமும் இருக்கும்.

குழாயில் வரும் காவிரித் தண்ணீர் கண்டிப்பாக வேண்டாம். அதிலுள்ள குளோரின் வைட்டமின் சியைத் தின்றுவிடும். வாலை வடித்த நீரைக் கொதிக்கவைத்து, மூடி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: கீரை வாங்குவது

இதை ஒரு படியாகச் சொல்வதே பலருக்கு வினோதமாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பிழை இங்கேதான் நுழைகிறது. அல்சூர் சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் அக்காவிடம், "இது காலைல பறிச்சதா அக்கா?" என்று கேட்டேன். "நேத்து சாயங்காலம் அறுத்தது கண்ணு, ராத்திரி ஓசூர்லேர்ந்து வண்டியில வந்துச்சு. தண்ணி தெளிச்சு வச்சதால புதுசு மாதிரி இருக்கு" என்றார். அந்த ஒரு பதிலில் இரண்டு செய்திகள் இருந்தன. கீரைக்கு ஏற்கெனவே 12 மணி நேரத்துக்கு மேல் வயதாகிவிட்டது. இலைமேல் தண்ணீர் இருக்கிறது, அந்த எடையும் தராசில் ஏறும்.

ஆகவே பறித்த நேரம், வாங்கிய நேரம், ஊர் மூன்றையும் விற்பவரிடம் கேட்டு எழுதுங்கள். கன்னடத்தில் தண்டினசொப்பு, மெந்தியசொப்பு, சப்பசிகெ என்று சொல்வதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கீரைக்கு இந்த நகரத்தில் மூன்று மொழியில் பெயர் இருக்கும், பின்னால் குழம்பும். மூன்று வெவ்வேறு கட்டுகள் வாங்குங்கள். ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

படி 2: சாறு எடுப்பது

முதல் தடவை நான் செய்த தவறு இது. கீரையை அரைத்தேன், அப்புறம் அமிலம் தேடினேன். அமில பாட்டில் அடுத்த அறையில் இருந்தது. நான் திரும்பி வருவதற்குள் சாற்றின் பெரும்பகுதி வைட்டமின் போய்விட்டது. முகடு எழும்பவே இல்லை. இலை முழுதாக இருக்கும்வரை அஸ்கார்பேட் ஆக்ஸிடேஸ் என்ற நொதி ஒரு பக்கம், வைட்டமின் வேறு பக்கம். அரைத்த கணத்தில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன, காற்றும் சேர்ந்துகொள்கிறது.

இப்போது இப்படிச் செய்கிறேன். பருத்தித் துணியால் இலையின் ஈரத்தை ஒற்றி எடுப்பேன். தடித்த தண்டை நீக்கிவிட்டு, மூன்று கட்டின் இலைகளையும் கலந்துகொள்வேன். ஒரு பீக்கரில் குளிர்ந்த அமிலக் கரைசல் 25 மில்லி ஊற்றி, அதைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, இலையைக் கையால் கிள்ளி நேராக அமிலத்துக்குள் போடுவேன், 5 கிராம் வரும்வரை. கத்தியும் அரிவாள்மனையும் கிட்டவே வராது. அமிலத்தோடு சேர்த்துப் பீங்கான் குழவிக்கல்லில் கொட்டி, கழுவிய மணல் ஒரு சிட்டிகை போட்டு, இரண்டு நிமிடத்துக்குள் அரைத்து முடிப்பேன். பித்தளை உரல் கூடாது. மிக்ஸி வேண்டுமானால் அமிலம் ஊற்றிய பிறகு, சிறுசிறு சுற்றாக. மிக்ஸி காற்றை உள்ளே அடிக்கும்.

மஸ்லின் துணியில் பிழிந்து, வடிதாளில் வடித்து, சக்கையை இன்னும் கொஞ்சம் அமிலத்தால் கழுவிச் சேர்த்து, 50 மில்லி அளவுக் குடுவையில் கோடுவரை நிரப்புங்கள். பச்சையம் பெரும்பாலும் சக்கையிலேயே நின்றுவிடும். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றி ஐஸில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள்.

கலந்த அதே இலையிலிருந்து இன்னொரு 5 கிராமை 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். தண்ணீர் தெளித்த கீரையையும் தெளிக்காத கீரையையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் உலர் எடைக் கணக்கு இல்லாமல் முடியாது.

படி 3: பென்சில் முனையைத் தயார் செய்வது

பஃபரில் மூன்று எலெக்ட்ரோடுகளையும் இறக்கி, பென்சில் முனைக்கு 1.4 வோல்ட் 60 விநாடி கொடுங்கள். மேற்பரப்பு சுத்தமாகி, முகடு கூர்மையாகும். கருவியே சரியா என்று சந்தேகம் இருந்தால் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். போகும் முகடுக்கும் திரும்பும் முகடுக்கும் இடைவெளி கொள்கைப்படி 59 மில்லிவோல்ட். பென்சிலில் 100 வாக்கில் வந்தாலும் பரவாயில்லை. 300 வந்தால் கிளிப் தளர்ந்திருக்கிறது. ஃபெரிசயனைடை அடர் அமிலத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு வரும்.

படி 4: அளப்பது

ஒரு சிறு பீக்கரில் 9 மில்லி பஃபர். முதலில் அதை மட்டும் ஓட்டி அடிக்கோட்டைப் பதிவு செய்யுங்கள். முறை: டிஃபரென்ஷியல் பல்ஸ் வோல்ட்டாமெட்ரி, அதாவது மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு துடிப்பு கொடுத்து, மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பது. மைனஸ் 0.2 முதல் 0.8 வோல்ட் வரை, படி 5 மில்லிவோல்ட், துடிப்பு 50 மில்லிவோல்ட், துடிப்பு நேரம் 50 மில்லிவிநாடி. நைட்ரஜன் வாயு ஊதத் தேவையில்லை. இந்த எல்லைக்குள் ஆக்ஸிஜன் குறுக்கே வராது.

அப்புறம் 1 மில்லி கீரைச் சாறு. கலக்கி, 10 விநாடி அசையாமல் விட்டு, ஓட்டுங்கள். முகடு எந்த இடத்தில் வரும் என்பது உங்கள் பென்சிலையும் உங்கள் வெள்ளிக் கம்பியையும் பொறுத்தது. முன்கூட்டியே தூய அஸ்கார்பிக் அமிலத்தை ஓட்டி அந்த இடத்தைக் குறித்து வைத்திருங்கள்.

இப்போது பீக்கரை மாற்றாமல், பென்சிலை வெளியே எடுக்காமல், தர அளவுக் கரைசலை 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, முன்போலவே கலக்கி, அசையாமல் விட்டு, ஓட்டுங்கள். மறுபடி 50, மறுபடி 50. இதற்குத் தர அளவுச் சேர்ப்பு முறை என்று பெயர். தனியாக ஒரு அளவுகோல் வரைந்துவிட்டு அதிலே கீரையை வைத்துப் பார்ப்பது எளிதாகத் தோன்றும். கீரை விஷயத்தில் அதை நான் நம்புவதில்லை. சாற்றிலுள்ள மற்ற பொருள்கள் எலெக்ட்ரோடில் ஒட்டி மின்னோட்டத்தைக் குறைக்கும். சாற்றுக்குள்ளேயே அளவுகோலைக் கட்டினால் அந்தக் குறைவு இரண்டுக்கும் சமமாகப் போய்விடும். பென்சில் பரப்பு முனைக்கு முனை கொஞ்சம் மாறுவதும் இதில் அடிபட்டுப்போகும்.

படி 5: கணக்கு

விளக்கத்துக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். சாறு மட்டும் இருக்கும்போது முகடு 2.4 மைக்ரோ ஆம்பியர். ஒவ்வொரு 50 மைக்ரோலிட்டரும் பீக்கரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் கூட்டுகிறது. முகடு 4.4, 6.4, 8.4 என்று ஏறுகிறது. அப்படியென்றால் 5 மில்லிகிராமுக்கு 2 மைக்ரோ ஆம்பியர், அதாவது சரிவு 0.4. முதல் முகடை அதனால் வகுத்தால், 2.4 ÷ 0.4 = 6. பீக்கரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம்.

சாற்றைப் பத்து மடங்கு நீர்த்திருக்கிறோம், ஆகவே குடுவையில் லிட்டருக்கு 60. குடுவை 50 மில்லி, ஆகவே மொத்தம் 3 மில்லிகிராம். அது 5 கிராம் கீரையிலிருந்து வந்தது. 100 கிராமுக்கு 60 மில்லிகிராம். உங்கள் புள்ளிகள் இவ்வளவு நேராக உட்காராது. நான்கு புள்ளிகளுக்கும் பொருந்தும் கோட்டைக் கணினியில் வரைந்து, அது கிடைமட்ட அச்சை எங்கே வெட்டுகிறதென்று பாருங்கள். சேர்த்த 150 மைக்ரோலிட்டரால் கொள்ளளவு 1.5 சதவீதம் கூடுகிறது. அதையும் திருத்திவிட்டால் நல்லது.

படி 6: அந்த முகடு உண்மையில் வைட்டமின்தானா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். என் பார்வையில் முழு வேலையும் இதில்தான் நிற்கிறது. கீரையில் பாலிஃபீனால்கள் இருக்கின்றன, அவையும் எலெக்ட்ரானை விடும். சிவப்புத் தண்டுக்கீரையின் நிறமான பீட்டாசயனினும் விடும். அந்த முகடுகள் வைட்டமின் முகட்டின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டால் கருவிக்கு வேறுபாடு தெரியாது. நாம் நிறத்திலிருந்து தப்பித்து வந்தது, அதே நிறமியின் மின்னோட்டத்தில் மாட்டிக்கொள்ளவா?

இலையை அரைத்தபோது நம்மைக் கெடுத்த அதே நொதி இங்கே உதவிக்கு வருகிறது. அஸ்கார்பேட் ஆக்ஸிடேஸ் அஸ்கார்பிக் அமிலத்தைத்தான் குறிவைத்து ஆக்ஸிஜனேற்றும். வெள்ளரிக்காயில் அது நிறைய இருக்கிறது. தூய நொதியை வாங்கினால் சிறப்பு. இல்லையென்றால் பிஞ்சு வெள்ளரிக்காயைத் தோலோடு துருவி, துணியில் பிழிந்து, வடிதாளில் வடித்துக்கொள்ளுங்கள். இளம்பச்சையாக, ஏறக்குறைய தெளிவான சாறு கிடைக்கும்.

இந்தச் சோதனைக்கு மட்டும் பஃபரின் பிஎச் 5.6 இருக்கட்டும், 4.6-ல் நொதி சோம்பிவிடும். 9 மில்லி பஃபரில் 1 மில்லி கீரைச் சாறு விட்டு ஓட்டுங்கள். பிறகு 0.2 மில்லி வெள்ளரிச் சாறு சேர்த்து 10 நிமிடம் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். நொதிக்குக் காற்று வேண்டும், மூடி வைக்காதீர்கள். மறுபடி ஓட்டுங்கள். முதல் வரைபடத்தின் மேல் இரண்டாவதை வைத்துப் பார்த்தால், காணாமல் போன பகுதி வைட்டமின் சி. மிச்சமிருக்கும் மேடு மற்றவர்களுடையது. அந்த மிச்சம் முகட்டின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்தே எழுதுங்கள்.

இரண்டு காவல் சோதனைகள் வேண்டும். தூய அஸ்கார்பிக் அமிலத்தில் வெள்ளரிச் சாறு விட்டால் முகடு முழுதாக மறைய வேண்டும். மறையவில்லையென்றால் நொதி செத்துவிட்டது, புதுக்காய் எடுங்கள். வெறும் பஃபரில் வெள்ளரிச் சாறு மட்டும் விட்டால் முகடு எதுவும் வரக்கூடாது.

படி 7: மீட்பு

5 கிராம் கீரையோடு, அரைப்பதற்கு முன்பே, 2 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து முழுச் சாறெடுப்பையும் மறுபடி செய்யுங்கள். முன்பு 3 மில்லிகிராம் வந்தது என்றால் இப்போது 5 வர வேண்டும். 4.8 வந்தால், சேர்த்த 2-ல் 1.8 கைக்கு வந்திருக்கிறது, மீட்பு 90 சதவீதம். 90-க்கும் 110-க்கும் நடுவே இருந்தால் உங்கள் கையை நம்பலாம். குறைவாக வந்தால் கருவியைத் திட்டாமல் படி 2-க்குத் திரும்புங்கள். மூன்று தனித்தனிச் சாறு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ஓட்டம் என்பது என் குறைந்தபட்சம். பாலக் போன்ற நிறமில்லாத சாறு என்றால் பழைய சாயத் தைட்ரேஷனையும் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள்.

வாடிய கீரைக்கும் வெந்த கீரைக்கும்

எலெக்ட்ரோடு காட்டுவது அஸ்கார்பிக் அமிலத்தை மட்டுமே. ஏற்கெனவே டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமாக மாறியது அதன் கண்ணில் படாது, ஆனால் உடல் அதையும் வைட்டமினாகப் பயன்படுத்திக்கொள்ளும். பறித்தவுடன் அளந்தால் வித்தியாசம் சிறியது. இரண்டு நாள் வாடிய கீரையில் அது பெரிதாகலாம். மொத்த வைட்டமின் சி வேண்டுமென்றால் டிசிஇபி என்ற ஒடுக்கியைச் சாற்றில் சேர்த்து, மாறியதைத் திரும்ப அஸ்கார்பிக் அமிலமாக்கி அளக்க வேண்டும். அந்த ஒடுக்கி மட்டும் உள்ள வெற்றுக் கரைசலையும் தவறாமல் ஓட்டிப் பாருங்கள். அதைச் செய்யாத பட்சத்தில் அறிக்கையில் "வைட்டமின் சி" என்று எழுதாமல் "அஸ்கார்பிக் அமிலம்" என்றே எழுதுங்கள்.

சமைத்த கீரையை அளப்பதாக இருந்தால் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். வைட்டமின் சி தண்ணீருக்குள் இறங்கும்; இலையில் குறைந்ததெல்லாம் அழிந்துபோனது என்று எழுதினால் தப்பாகிவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், கொதித்த பிறகு கீரையைப் போட்டீர்களா, எத்தனை நிமிடம், மூடியா திறந்தா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெந்ததும் இலையைத் தனியாகவும் தண்ணீரைத் தனியாகவும் ஆளுக்கு ஒரு குடுவையில், இரண்டையும் உடனே அமிலத்தில் பிடித்து, ஐஸில் வையுங்கள். தண்ணீரின் மொத்தக் கொள்ளளவை அளக்க மறந்துவிட்டால் அந்த நாள் வேலை வீண்; நான் இப்போது பாத்திரத்தின் பக்கத்திலேயே அளவு ஜாடியை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.